இரண்டாவது விலை

எனக்குத் தந்திருப்பது மூன்று நிமிடம்.
கையில் அவளுடைய தன்விவரம், இரண்டு பக்கம்.
ட்ரொண்ட்ஹெய்மில் பிற்பகல் மூன்று மணி,
தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன.
முன்வரிசையில் அவள்,
ஈரக் காலணிகளை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு.

விளாஸ்தா குபினோவா.
பிறந்தது ஓலொமோட்ஸ்.
ப்ர்னோவில் கணிதம், மான்ஹைமில் பொருளியல் முனைவர் பட்டம்.
ஆய்வு: இணைய ஏலங்களின் கடைசிப் பத்து வினாடி.

தாளில் இல்லாதது, நான் சொல்லப்போவதும் இல்லாதது:
பள்ளிக் கணிதப் போட்டியில் இரண்டாமிடம்.
உட்ரெக்ட் வேலைக்கு இரண்டாமிடம்.
பெர்கனிலும்.
‘மயிரிழையில் தவறிவிட்டது’ என்று எழுதியிருந்தார்கள்.
அந்தக் கடிதத்தை நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கொடுத்தாள்.
நாங்கள் ஒரே அறை. மேசை இப்போது ஆடுவதில்லை.

ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவ ஆளில்லாத ஏலம்.
பழைய பனிச்சறுக்குக் கட்டை, காப்பி அரைக்கும் மிஷின்,
யாரோ இருமுறை மட்டும் போட்ட கல்யாண சூட்.
ஆறு நாள் ஒருவரும் சீண்டமாட்டார்கள்.
ஏழாம் நாள், கடைசி நிமிடம்,
மீன் கூடை இறங்கியதும் வரும் பூனைகள் மாதிரி
எங்கிருந்தோ வந்துவிடுவார்கள்.
ஒருவர் ஜெயிப்பார்.
அவர் கட்டுவது தோற்றவர் சொன்ன விலையை,
மேலே ஐந்து குரோனர் சேர்த்து.
‘அப்படியென்றால் ரசீதில் யார் கையெழுத்து இருக்க வேண்டும்?’
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டாள்.
என் வாய் நிறைய ரொட்டி. பதில் சொல்லவில்லை.
இன்னும் சொல்லவில்லை.

பதினான்கு லட்சம் ஏலங்கள், நான்கு குளிர்காலம்.
பெயர் உரித்து எண் ஒட்டிய மனிதர்கள்.
அதில் 40817.
சுவர்க்கடிகாரம் மட்டும்தான் கேட்பார், அதுவும் ஓடாதது.
எப்போதும் இருநூற்றுப் பத்து குரோனர்.
பதினொன்று ஆக்கமாட்டார்.
முந்நூற்று நாற்பது முறை கேட்டு
ஒரு முள்கூட வீட்டுக்குப் போகவில்லை.

மதிப்பாய்வாளர் எழுதினார்:
இந்த ஆள் ஒரு பிறழ்வு, நீக்கிவிடுங்கள்.
நீக்கினாள்.
அட்டவணையில், நாட்டிலுள்ள
ஓடாத கடிகாரங்களின் விலை பாதியாக விழுந்தது.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்,
பிறகு எழுந்து போய் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள்,
அதை மறந்தும் போனாள்.
காலையில் 40817 தன் வரிசைக்குத் திரும்பியிருந்தார்.

போன மாதம் அவளுடைய ஆய்வேடே ஏலத்துக்கு வந்தது.
நீல அட்டை, ஏதோ நூலகத்தின் ‘கழிக்கப்பட்டது’ முத்திரை.
ஆரம்ப விலை ஒரு குரோனர்.
ஆறு நாள் ஈ காக்கை இல்லை.
ஏழாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.
மனதிலிருப்பதை ஒரே முறை சொல், கடைசியில் சொல்:
அவளே எழுதிய மூன்றாம் அத்தியாயம்.
ஒன்பது வினாடி இருக்கும்போது நானூறு போட்டாள்.
இரண்டு வினாடி இருக்கும்போது வேறு யாரோ.
‘நீங்கள் வெல்லவில்லை’ என்றது திரை,
சிரித்த முகம் ஒன்றையும் கூடவே போட்டு.

அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறை யூன்வைக் எட்டிப் பார்த்தான்.
‘நானூற்று ஐந்து! யாருக்கோ வேண்டியிருந்திருக்கிறது!’
அது மனிதராக இல்லாமல்
இருட்டில் தானாக ஓடும் ஒரு நிரலாகவும் இருக்கலாம்.
அவளுக்குத் தெரியாததா. நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பணிக்கு முதலில் தேர்வானவர்
கோபன்ஹேகனுக்குப் போய்விட்டார் என்பதும்
என்னோடு இருக்கட்டும்.

தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார்.
‘ப்ர்னோ, மான்ஹைம், ஏலங்கள்’ என்கிறேன்,
பெயரை ஒருவாறு சரியாக உச்சரித்து.
ஈரத் தடம் பதிய மேடையேறுகிறாள்.
நன்றிப் பக்கம் எல்லோருக்கும் கடைசியில் வரும்.
இவளுடைய முதல் படத்தில் ஐந்து இலக்கங்கள்,
வேறொன்றும் இல்லை.
பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்,
அது மாதிரியின் அளவா என்று.