காரணம் என்ற கட்டம்

மின்வாரிய அலுவலகம், ஈரோடு. பின்னறை.
மேசைமேல் இரண்டு போன், ஒரு சொம்புத் தண்ணீர்,
கோடு போட்ட நோட்டு:
நேரம். இடம். காரணம்.

கத்திரி தொடங்கி எட்டாம் நாள்.
சூரம்பட்டியிலிருந்து ஒருவர்:
"கரண்ட் எப்ப வரும்? சொல்லு.
இல்லீனா வந்து ஆபீசையே கொளுத்திருவேன்."
எழுதுகிறேன். 1.40. பீஸ் போயிருக்கிறது.
பில் கட்ட வரும்போது இதே ஆள்
"ஏனுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.
எங்கள் ஊரில் வைதால்கூட ஒரு 'ங்க' போட்டு வைவார்கள்.
மே மாதத்தில் முதலில் உருகுவது
அந்த 'ங்க'.

அடுத்து ஒரு பெண். வெகுநேரம் பேசவில்லை.
பின்னால் குழந்தை அழுகிறது,
ஒரு பாத்திரம் சுவரில் மோதி விழுகிறது.
"அக்கா, ஃபேன் மட்டும் ஓடட்டும்.
இவரு அடங்கிருவாரு."
காரணம்?
மரக்கிளை, பீஸ், கம்பி, டிரான்ஸ்பார்மர்.
நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்.
டிரான்ஸ்பார்மர் என்று எழுதினேன்.
அதுவும் சூடு தாங்காமல்தான் வெடிக்கிறது.

ரெண்டே காலுக்குச் சென்னியப்பன்.
வீரப்பன்சத்திரம், தறி மாஸ்டர், சிமெண்ட் ஷீட் வீடு.
அவர் தெருவில் கரண்ட் போனதே இல்லை.
முதல் நாள் கேட்டேன், "என்ன புகாருங்க?"
"புகாரெல்லாம் இல்லீங்க அம்மிணி.
ஃபேன் ஓடுது. சுடுகாத்து.
ஒறங்கிப் பதினோரு நாளாச்சு.
தறிய நிறுத்துனாலும் தலைக்குள்ள நிக்கறதில்லை.
நேத்து எந்திரிச்சுப் போயி வாய்க்காப் பாலத்துல நின்னேன்.
எதுக்குப் போனேன்னு தெரியலீங்க."
நான் மூச்சு விடவில்லை.
அவரே சொன்னார்:
"வாய்க்காலும் காஞ்சுதான் கெடக்குது."

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"
வேறென்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.
"கொள்ளு ரசம்."
"இந்த வெயில்ல கொள்ளுங்களா?"
சிரித்தார்.
இருமலும் சேர்ந்த சிரிப்பு, அரை நிமிடம்.
பெரியாஸ்பத்திரியில்
மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்றேன்.
செவ்வாய்க்கிழமை என்றேன்.
"வெசனத்துக்குமா சீட்டு எழுதுவாங்க?" என்றார்.
அந்த அழைப்பை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

ஒன்பது இரவுகள் கூப்பிட்டார்.
பத்தாம் இரவு ரெண்டேகால் ஆயிற்று.
ரெண்டரை.
ஊர் முழுக்க விளக்கு எரிந்தது,
யாருக்கும் என்மேல் கோபமில்லை,
இரண்டு போனும் செத்த தவளைபோல் கிடந்தன.
மூன்று மணிக்கு நானே அழைத்தேன்.
அப்படி அழைக்கக் கூடாது.

அவர் மனைவி எடுத்தார்.
"படுத்திருக்காரு. கண்ண மூடித்தான் இருக்காரு.
நீங்க யாருங்க?"
"கரண்ட் ஆபீசுங்க."
"கரண்ட் இருக்குதுங்களே?"
"சரிங்க. அதுதான் கேட்டேன்."

ஆறு மணிக்குக் கருங்கல்பாளையம், என் வீடு.
இரவெல்லாம் திறந்திருந்தும் ஜன்னல்
காற்றைக் கடனாகக்கூட வாங்கியிருக்கவில்லை.
மித்ரா பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை கேட்டாள்.
இரண்டாம் தடவையும் கேட்டாள்.
"வாய மூடறியா இல்லியா?"

கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தேன்.
குழந்தை கையைக் காதோரம் வைத்திருந்தாள்,
போனைப் பிடித்திருப்பதுபோல;
திட்டு முடியும்வரை
காத்திருக்கிறவள்போல.
எட்டு வருடமாக நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"மன்னிச்சுக்குங்க சாமி."
"என்னம்மா, எனக்குப் போயி ங்க போடறே?"
சிரித்துவிட்டு அட்டையை மறந்து ஓடினாள்.

முதுகைச் சாய்த்தேன்.
சுவரில் இன்னும் நேற்றைய வெயில்.
குடிக்க எடுத்த தண்ணீரில் பாதியை
அதன்மேல் ஊற்றினேன்.
உஸ் என்றது,
அல்லது எனக்கு மட்டும் அப்படிக் கேட்டது.