ஆயிரம் அடி

நகரசபைச் சட்டம், பிரிவு பதினான்கு:
பள்ளிக்கூடத்துக்கும் கஞ்சாக் கடைக்கும் நடுவே
ஆயிரம் அடி இருக்கவேண்டும்.
அளப்பது என் வேலை.

கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம்
அடிக்கொரு தரம் டக்கென்று சொல்லும்.
மார்ச் மாதம், சுப்பீரியர் ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது.
உப்புத் தூவிய நடைபாதையில் போனால்
ஆயிரத்து இருநூற்றுப் பத்து வருகிறது.
ஆனால் சட்டம் நடப்பதில்லை,
காக்கை மாதிரிப் பறக்கிறது.
நேர்கோடு என்கிறது உட்பிரிவு மூன்று.
வேலி, சலவைக்கடை, லூதரன் தேவாலயத்தின் பின்வாசல்,
அப்புறம் திருமதி நியமேலாவின் சமையலறை,
அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில்.
"பூட்ஸைக் கழற்று, சக்கரத்தையும் துடை" என்றாள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அளந்தேன்.
ஆறடி குறைகிறது.

விண்ணப்பதாரர் ராஸ்கோ டாங்கே, வயது ஐம்பத்து மூன்று.
இடம்: பழைய செருப்புக்கடை.
கட்டணம் ஐயாயிரம் டாலர், திருப்பித் தரப்படமாட்டாது.
வாடை வெளியேறாமல் கரி வடிகட்டி,
சரக்கு தெரியாத சன்னல்,
இரவு ஒன்பதுக்கு அணையும் பச்சைச் சிலுவை,
எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று கையெழுத்திட்டிருந்தான்
பள்ளிப் பையனின் கோணல் எழுத்தில்.

செவ்வாய் இரவு ஏழு மணிக்குக் கூட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பிள்ளைகள் என்றார் ஒருவர். வரி என்றார் இன்னொருவர்.
சாராயக்கடை பள்ளிக்கு எதிரிலேதானே இருக்கிறது
என்றது பின்வரிசை. தலைவி சுத்தியலைத் தட்டினாள்.
கடைசியில் பள்ளி நிர்வாகத்து ஆள் எழுந்தார்:
கொதிகலன் டிசம்பரிலேயே செத்துவிட்டது,
கோட்டைக் கழற்றாமல் கணக்குப் போடுகிறார்கள் பிள்ளைகள்,
வரியில் எட்டில் ஒரு பங்கு எங்களுக்கு வருமென்றால்
ஜிம்முக்குப் பின்னால் குப்பைத்தொட்டி நிற்கிற துண்டை
ஊருக்கே கொடுத்துவிடலாம்.
அகலம் ஆறடி. விலை ஒரு டாலர்.

நாலுக்கு மூன்று. நிறைவேறியது.

அந்த ஆறடியை எனக்குத் தெரியும்.
எண்பத்தொன்பது அக்டோபரில்
ராஸ்கோ அங்கேதான் பிடிபட்டான்,
சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இலை.
பதினேழு வயதை முழு ஆள் என்று எண்ணிய காலம்.
பதினான்கு மாதம் உள்ளே இருந்தான்.
தீப்பெட்டியில் பாதி என்னுடையது.
முதல் அடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.
அடுத்த அடிகளுக்குள் நான் தூரத்தில்:
வேலி, சலவைக்கடை, தேவாலயத்தின் பின்வாசல்,
அப்போது சுவரில்லாத நியமேலாவின் கொல்லை.
கிட்டத்தட்ட நேர்கோடு.
கேட்டபோது, தனியாகத்தான் வந்தேன் என்றானாம்.

நேற்று புதிய எல்லையிலிருந்து உருட்டினேன்.
சரியாக ஆயிரம்.
செருப்புக்கடை வாசலில் நின்றிருந்தான்,
கையில் இரண்டு காபி.
"தேறுமா?"
"தேறும்."
எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் பொத்தான்
குளிரில் இறுகிவிட்டது, நகரவில்லை.
கொடு என்று வாங்கி
அவனும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.