நத்தைக் கிண்ணம்

இப்ஸ்விச்சில் கிளம்பும்போது நல்ல வெயில்.
மலைச்சாலையில் பாதி ஏறியதும்
பனிமூட்டம் காரின் மூக்கைத் தின்றுவிட்டது.
முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே
டூவூம்பா போய்ச் சேர்ந்தேன்,
பக்கத்து இருக்கையில்
சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஜாடியோடு.

வாசலில் லெனோரின் கணவர் ரஸ்
யூட்டின் கண்ணாடியில் ஈரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
"கராஜ் கட்டியது இவளுக்காகத்தான்" என்றார்.
வண்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

உள்ளே, புது மாப்பிள்ளை போல
நடு இடத்தில் சூளை.
அதற்கென்று தனி மின்கம்பி, தனி சுவிட்சு.
நானோ
சமூகக் கூடத்துச் சூளையில் மாதம் ஒருமுறை
ஒன்றரைத் தட்டு வாடகைக்கு எடுப்பவள்.
நன்றாயிருக்கிறது என்றேன்.
வயிற்றில் புரண்டதைச் சொல்லவில்லை.

லெனோருக்குப் பகலில் பல் செய்யும் வேலை.
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை
மெழுகில் செதுக்கும் அதே கொக்கியால்தான்
ராத்திரியில் கோப்பையின் காதடியை வழிக்கிறாள்.
சுவர் முழுக்கக் கொக்கிகள், ஊசிகள்.
வாயைத் திற என்றுவிடுவாளோ என்றிருந்தது.

முந்தாநாள் இரவு அணைத்த சூளைக்குள்
இன்னும் நூற்றுப்பத்து டிகிரி.
பொறுக்கணும் என்று இரண்டு பேரும் சொன்னோம்.
இரண்டு பேரும் பொறுக்கவில்லை.
மூடியை ஒரு சாண் தூக்கிச்
செங்கல் துண்டைச் செருகினாள்.
முகத்தில் அனல்.
பிறகு,
டிங்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
டிங். டிங்.
மெருகு சுருங்கி
மயிரிழை மயிரிழையாய் விரிசல் விடுகிற சத்தம்.
பாத்திரத்துக்கு அது குறை, விற்பவளுக்கு நஷ்டம்.
வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
மூச்சு விடாமல் கேட்டோம்.

அப்போதுதான் பார்த்தேன்.
சக்கரத்தின் பக்கத்தில்
சேற்றுத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கிடக்கிற கிண்ணம்
என்னுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்
விளிம்பு ஒருபக்கம் சாய்ந்துபோக,
எட்டு டாலர் என்று சீட்டு ஒட்டிச்
சனிக்கிழமைச் சந்தைக்கு அனுப்பினது.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.
கடையில் நின்றது தங்கை புருஷன்.
யாராவது தயிர் ஊற்றி வைப்பார்கள் என்று
நினைத்திருந்தேன்.

"அதுவா? நத்தைக் கிண்ணம்" என்றாள்.
"அடியில் யாரோ நத்தை வரைந்திருக்கிறார்கள்.
சாய்ந்த இடத்தில் கட்டைவிரல் வைத்தால்
ஸ்பாஞ்சைப் பிழிய வாகாயிருக்கிறது.
வேறு கிண்ணம் வைத்தால் கை தேடுகிறது."

கோபப்படலாமா என்று யோசித்து முடிப்பதற்குள்
கோபம் எங்கோ போய்விட்டது.
நான் பூசிய பச்சை
சேறு படிந்து எங்குமே தெரியவில்லை.

ஒன்றும் சொல்லாமல்
ஜாடியைப் பிரித்துக் கொடுத்தேன்.
மண்ணில் கை வைத்தவர்கள்
பரிசை முகம் பார்ப்பதில்லை,
முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்போம்.
கவிழ்த்தாள்.
ழ.
என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.
சேற்றுக் கையோடு
என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.
"நத்தை நீதானா!"

நத்தை இல்லை, எழுத்து.
யாழரசியில் இரண்டாவது.
சொல்லிக் காட்டு என்றாள். சொன்னேன்.
பல் செய்கிறவளின் கண்ணால்
என் வாய்க்குள் பார்த்தாள்.
"நாக்கு எங்கே தொடுகிறது?"
மேலே போகிறது, மடங்குகிறது,
எங்கேயும் தொடுவதில்லை.
"தொடாமலா?"
லா என்றாள். ரா என்றாள்.
கதவோரம் நின்று ரஸ்ஸும் முயன்றார்.
அது
குளிரில் வண்டி கிளம்ப மறுக்கும் சத்தமாயிருந்தது.

இறங்கும்போது பனி இல்லை.
எனக்கும் ஒரு சூளை வேண்டும் என்பது மட்டும்
அப்படியே இருந்தது.
வளைவுகளில் தனியாக
ழ, ழ என்று சொல்லிப் பார்த்தேன்.
உண்மைதான், எங்கும் தொடவில்லை.
கன்னத்தில் காய்ந்த சேறுதான்
மயிரிழை மயிரிழையாய் விட்டது.