எழுபத்தாறு

ராஸ் அல் கைமா. கலவை ஆலை. இரவு ஒன்றரை.
தாரில் ஒரு சதவீதம் அமிலம்.
எழுபத்தாறு டிகிரியிலும் இளகாமல் நின்றது.
'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
வெயிலுக்கு அது போதும்.

கல்லில் தார் பிடிக்க
வேறொரு மருந்தும் கலந்திருந்தார்கள்.
அதற்கும் அமிலத்துக்கும் ஆகாது,
ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.
அதைக் கேட்க
என் படிவத்தில் கட்டமே இல்லை.
நானும் பேனாவால் ஒன்று வரையவில்லை.

ஜனவரியில் இரண்டு நாள் மழை.
மூன்றாம் நாள் காலை
கிரஷர் லாரிகள் திரும்பும் வளைவில்
பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது சாலை.

மரியசூசை ஒரு ஜல்லியை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வருடமாய் டீசல் போட்டுத் தேய்த்தும்
என் நகக்கண்ணை விட்டுப் போகாத தார்
அந்தக் கல்லில்
பொட்டுகூட இல்லை.