செக்குபந்தி விவரம்

மஞ்சக்குப்பம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
இருபத்திரண்டு வருடமாக
ஒருவர் மனை இன்னொருவருக்குப் போவதை
எழுதிக்கொடுக்கிறேன்.

புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
தூக்கத்தில் தட்டினாலும்
இந்த வரியில் என் விரல் பிசகாது.

நானாக வாங்கியது என்று பார்த்தால்
நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
வங்கி அட்டையை முதன்முதலில் தேய்த்தது அதற்குத்தான்.
இதாயத்துல்லா சிரித்தான், என் உதவியாளன்.
பாண்டி சண்டே மார்க்கெட்டில் அவனுக்கு
முப்பது ரூபாய்த் தட்டில் இருநூறு பாட்டு.
"பாட்டுக்கெல்லாம் யாராவது கிரயம் கட்டுவாங்களாக்கா?"

நான் கட்டினேன்.
"மதிப்பைக் கொஞ்சம் கொறைச்சுப் போடும்மா" என்பவர்களுக்கே
நாள் முழுக்க எழுதுகிறவள்.
ஒன்றையாவது முழு விலைக்கு வாங்க ஆசை.

புது போனில் பாட்டு ஏறியது.
பாடவில்லை.
நேரு வீதி சர்வீஸ் சென்டரில் ஒரு பையன்
நகம் கடித்துக்கொண்டே சொன்னான்:
"பாட்டு ஒரு கம்பெனி, போன் ஒரு கம்பெனி.
ஒத்துக்காது மேடம்."
ஜாதகம் பார்த்தவன் மாதிரி.

திரும்பும்போது முள்ளோடையில் பேருந்தை நிறுத்தி
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
"பாட்டில் இருக்கா?"
பாட்டில் என்ன இருக்கிறது,
பூட்டுதான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது.
டிபன் பாக்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு
விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் கடிதம்.
கடையை மூடுகிறார்களாம்.
முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு
சாவி தரமாட்டார்களாம்.
இப்போது திறந்திருக்கும் கணினியில் மட்டும்
அது உள்ளவரை ஒலிக்குமாம்.
அன்புள்ள வாடிக்கையாளருக்கு நன்றியாம்.

அன்றிரவு, கைப்பழக்கம், எழுதிப் பார்த்தேன்.

மேற்படி பாட்டுக்குச் செக்குபந்தி:
கிழக்கே, வேறு கம்பெனி போன்.
மேற்கே, ஐந்து கணினியோடு முடிந்துபோன கணக்கு
(இரண்டு தானே புயலில் நனைந்து செத்தவை;
கணக்கில் இன்னும் உயிரோடு இருப்பவை).
தெற்கே, நான் மறந்த கடவுச்சொல்.
வடக்கே, பேர் தெரியாத ஊரில் ஓர் இயந்திரம்,
அவ்வப்போது "இவள்தானா, இவள்தானா" என்று
கேட்டுக்கொண்டிருப்பது.
இதற்குட்பட்ட
நாலு நிமிடம் பத்து வினாடி.

கிரயம் இல்லை இது.
குத்தகைகூட இல்லை.
குத்தகைக்காரனைக் கிளப்ப
நோட்டீஸ், வக்கீல், வாய்தா,
மாமாங்கம் ஆகும் இந்தக் கடலூரில்.
எத்தனை பேருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பேன்!
எனக்கு ஒருமுறை
"ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தை
படிக்காமல் அமுக்கியிருக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு
ஃபேனை நிறுத்தினேன். சன்னலைச் சாத்தினேன்.
கணினியின் ஸ்பீக்கருக்கு முன்னால்
போனைத் தலைகாணிமேல் படுக்கவைத்து
பதிவு பொத்தானை அழுத்தினேன்.
காற்றுக்கு யாரும் பூட்டுப் போட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு பாட்டும் அதன் நீளத்துக்கே ஓடித் தீர வேண்டும்,
அவசரப்படுத்த முடியாது.
வேர்வை முதுகில் இறங்க, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
கீழ்வீட்டுக் குக்கர் மூன்று விசில்.
திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டும் ரயில்.
தண்ணீர் மோட்டார்.
வயலின் மேலேறும் இடத்தில்
அடக்கி அடக்கியும் மீறிய என் இருமல்.
விடியும்போது எழுபத்தொன்று தேறியது.
மிச்சம் முந்நூற்று நாற்பத்தொன்று
கணினிக்குள்ளேயே இருக்கின்றன,
அதன் ஆயுளை நம்பி.

திங்கட்கிழமை இதாயத்துல்லா கேட்டான்.
அவன் போனில் ஏற்றிக்கொடுத்தேன்.
ஏறியது. பாடியது.
ஒரு காதில் மாட்டிக்கொண்டு
விலையேற்பவரின் தகப்பன் பெயரைத் தட்டச்சு செய்தவன்
பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, நடுவுல யாரோ இருமுறாங்க."
"நான்தான்."
"வெட்டி எடுத்துடட்டுமா?"

கூரைப்பேட்டைக்காரர் பத்து மணி டோக்கனோடு
வாசலில் நின்றுகொண்டிருந்தார்.
"மொதல்ல நாலாம் பக்கத்தைப் பிரிண்ட் போடு" என்றேன்.