நாலு புரி

மைனஸ் முப்பத்தொன்று.
மெல்ஃபோர்ட்டில் இன்று பள்ளிப் பேருந்துகள் ஓடவில்லை,
ஓட்டுகிற நானும் ஓடவில்லை.
சமையல் மேசையில் ஃபிளீஸ் துணிகளை விரிக்கிறேன்.
ஆரஞ்சு ஒன்று.
தள்ளுபடியில் வாங்கிய கலைமான் படம் ஒன்று.
இன்னதென்று சொல்ல வராத ஒரு பச்சை.
நாலாவது வெய்னின் குளியல் அங்கி.
அவன் போய் மூன்று வருஷம்,
அங்கியைக் கேட்டு ஆள் வரவில்லை.

வெட்டுமுன் இழுத்துப் பார்க்க வேண்டும்.
அகலவாட்டில் நீளும், நெடுக்கே அவ்வளவு நீளாது.
நெடுக்கே வெட்டு.
மாற்றி வெட்டினால் ஒரே வாரத்தில்
நாய் அடுத்த தெருவிலும்
கைப்பிடி உன் கையிலும் இருக்கும்.
இரண்டங்குலப் பட்டை.
ஓரம் தைக்க வேண்டாம்,
ஃபிளீஸ் பிரியாது.
பிரியாத துணி என்று ஒன்று இருப்பதே
எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

மேசை இழுப்பறையின் பிடியில் முடிச்சைக் கட்டி
பின்னால் சாய்ந்து பின்னுகிறேன்.
ஒன்று பாலம் போடும், எதிரி அதைத் தாண்டும்,
மூன்றாவது மேலே, கீழே,
நாலாவது அந்த வளையத்துக்குள் நுழையும்.
இறுக்கு.
தானியக் கிடங்கைப் போலச் சதுரமாக
ஒரு கோபுரம் என் மடிவரை வளரும்.

இதுவரை பதினேழு கயிறு.
ஜோலீனின் கெல்பிக்கு ஊதா.
ஆறரை அடி தியெரி தூக்கித் திரியும்
சுண்டைக்காய் சிவாவாவுக்கு விரல் கனத்தில் மஞ்சள்.
சனிக்கிழமை, கர்லிங் அரங்கில்,
கடைசித் தடையைத் தாண்டிய நாய்
நேரே கயிற்றின் மேல்தான் பாயும்.
தன்னைக் கட்டிக் கூட்டிப்போகிற அதே கயிற்றைக்
கவ்விக் குலுக்கி
வெற்றியைக் கொண்டாடும்.

பெரோகி அப்படியில்லை.
சரளைக்கல் குவாரியில் கிடைத்தது.
வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை நிறம்,
அந்தக் கொழுக்கட்டையின் பெயரையே வைத்தேன்.
எல்லாத் தடையும் சுத்தமாகத் தாண்டும்.
கயிற்றை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
அடுத்தவர் தட்டைப் பார்க்காத விருந்தாளி மாதிரி.
இந்த மரியாதையை யார் கற்றுக்கொடுத்தார்கள்,
எதனால் அடித்து,
கேட்க வழியில்லை.

பதினெட்டாவது கயிறு, பாதி வழியில்,
இழுப்பறைப் பிடி திருகாணியோடு கழன்று வந்தது.
இன்னொரு கை இல்லை.
தரையில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பின்னத் தொடங்கினேன்.

பெரோகி எழுந்தது.
வந்தது.
என் வாயைப் பார்த்தது, ரொம்ப நேரம்.
பிறகு தொங்கிய நாலு நுனிகளில் ஒன்றை,
வெய்னின் அங்கியை,
முன்பற்களால் மட்டும், ஒரு முடியைப் பிடிப்பதுபோல்.

நான் "உர்" என்றேன்.
வேறெதுவும் சொல்ல வாயில் இடமில்லை.
அது யோசித்தது.
"உர்."
பின்னங்கால்கள் லினோலியத்தில் ஊன்றின,
வால் ஒரு பக்கமாக நிமிர்ந்தது,
இழுத்தது பாருங்கள்,
பதினாறு வயதில் ஹாக்கி மட்டை வாங்கிக்கொண்ட பற்களுக்குப் பதில்
நான் மாட்டியிருந்த மேல் தட்டு
கயிற்றோடு பறந்து அடுப்பின் காலில் மோதிக்
கலகலவென்று சுழன்றது.

பெரோகி உறைந்தது.
காது இரண்டும் கழுத்தோடு ஒட்ட,
வரப்போவதற்குக் காத்திருந்தது.

எதுவும் வரவில்லை.
ஹீட்டர் ஒருமுறை இருமியது.
பொக்கை வாயோடு நான் நாலு காலில் இறங்கிக்
கயிற்றின் இந்த நுனியைக் கையில் எடுத்து
லேசாக, மிக லேசாக, ஆட்டினேன்.

எவ்வளவு நேரம் இழுபறி என்று தெரியாது.
ஒவ்வொரு முறையும் நானே தோற்றேன்.
ஜெயித்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிவிட்டு
மறுபடி என் கையில் கொண்டுவந்து திணித்தது.

அந்தக் கயிற்றில் ஒரு சாண் தூரம் பின்னல் குழம்பியிருக்கிறது.
எச்சில் காய்ந்து சொரசொரப்பு.
அவிழ்க்கப்போவதில்லை.
சனிக்கிழமை ஜோலீன் விரல் வைத்துக் கேட்பாள்,
"என்ன இது, இங்கே?"
நடந்ததைச் சொல்வேன்.
கயிறு திரிக்கிறாய் என்பாள்.
ஆமாம் ஜோலீன்,
அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.