பத்தி ஏழு

மகனுக்கு 'என் மகன்' என்றால் போதும்.
நிலத்துக்கு எண் போட்டால் வந்து நிற்கும்.
ஒன்றும் கிடைக்காதவருக்குத்தான்
முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயர்,
பிறந்த தேதி, கதவு எண் எல்லாம் வேண்டும்.
நாளைக்கு வந்து
அந்த அவள் நானில்லை என்றுவிடக் கூடாது.
சஸ்காட்செவனில், இரும்புக்கடை மாடியில்,
முப்பத்தொரு வருடமாக உயில் தட்டச்சு செய்கிறேன்.

மெட்ரோ ஹ்ரிங்கிவ் ஜனவரியில் வந்தார்.
காதுமடல் தொப்பியைக் கழற்றவில்லை.
வக்கீல் அறையில் வேறு ஆள்.
"நீயே எழுதிக்கொள், உனக்கு இதெல்லாம் மனப்பாடம்தானே."

ஒரெஸ்ட்டுக்கு நான்கு குவார்ட்டர் கோதுமை நிலம், வீடு,
அறுவடை இயந்திரம், அதன் மீதான கடன்.
பக்கத்துப் பண்ணை இவோனுக்கு
முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாய்.
தேவாலயத்துக்கு ஆயிரம் டாலர்,
கூரைக்கு மட்டும், பாதிரியாரின் காருக்கு அல்ல.
நாய்க்குக்கூட ஒரு வாக்கியம் இருந்தது:
அது எங்கே படுக்க விரும்புகிறதோ அங்கே.

அப்புறம் பத்தி ஏழு.

"ஸ்டெஃபானியா தார்கா. தார்கா என்றுதான் கூப்பிடுவோம்.
எழுபத்தொன்று, அக்டோபர் பத்தொன்பது, விடிகாலை."
விடிகாலை தேவையில்லை என்றேன்.
"இருக்கட்டும்."
அடித்தேன்.
அவர் போனபின் அடித்துவிட்டேன்.

முகவரி?
அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.
கால்கரி, தெருப் பெயர், மூன்றாம் மாடி, முன்னூற்று ஏழு,
அழைப்புமணி எண் நாற்பத்திரண்டு,
அஞ்சல் குறியீடு ஆறு எழுத்தும் ஒரே மூச்சில்,
தொலைந்த மாட்டின் காதெண்ணைச் சொல்வதுபோல.
மணி எண்ணெல்லாம் உயிலில் போடுவதில்லை.
கேட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

காரணம்?
"காரணம் அவளுக்குத் தெரியும் என்று போடு."
தெரியாவிட்டால்?
கீழே தானிய லாரி ஒன்று கூவிக்கொண்டே பின்வாங்கியது.
அது நிற்கும்வரை பொறுத்திருந்தார்.
"போடு."

ஏப்ரல். பனி கருத்து உருகும் நாள்.
தார்கா ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள்.
ஒரெஸ்ட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.
வக்கீல் வாசித்து முடித்ததும் அவள்
அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.
"எனக்குத் தெரியாது" என்றாள்.
"இங்கே வந்தால் சொல்வார்கள் என்று நினைத்தேன்."

ஊருக்குத் தெரியும்.
அவள் கட்டிக்கொண்டவன் என்பார்கள்.
கட்டிக்கொள்ளாமல் விட்டவன் என்பார்கள்.
இல்லை, தாயை அடக்கம் செய்த அன்று
அவள் போட்டிருந்த சிவப்புக் கோட்டு.
மெட்ரோ வாயால் யாரும் கேட்டதில்லை.

பிரதி கேட்டாள். மூன்றாம் பக்கம் மட்டும்.
பக்கத்துக்கு ஐம்பது சென்ட்.
சூடாக வந்த தாளை நின்றபடியே படித்தாள்,
விரல் ஒரு வரியில் நின்றது.
"இந்த வீட்டுக்குப் போன செப்டம்பரில்தான் மாறினேன்.
அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.
யார் கொடுத்தது?"

உயில் எழுதியவர் பேசியது இந்த அறையைத் தாண்டக் கூடாது.
நான் தாண்ட விட்டதில்லை.

"பார்க்காமல் சொன்னார்" என்றேன்.
"மணி எண்ணோடு."

"நாற்பத்திரண்டு" என்றாள்.
கொஞ்சம் கழித்து, என்னிடம் அல்ல:
"அது வாசலில் வந்து நின்றால்தான் தெரியும்."

வெளியே ஒரெஸ்ட்டின் வண்டி
சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தது.
ஏறுவதா வேண்டாமா என்று அவனும் நின்றுகொண்டிருந்தான்.
நிலம் அவனுக்குத்தான். அதில் மாற்றமில்லை.

அவள் ஒரு டாலர் வைத்தாள்.
மீதி வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
இரண்டு குவார்ட்டர் நாணயத்தையும்
வாங்கிக்கொண்டாள், எண்ணிப் பார்த்து.